சிகாகோவில் இரண்டே நாள்: எதை எடுப்பது, எதை விடுவது

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர் சுற்றக் கிளம்பி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்குகிறவரின் கையில் இருப்பது ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம். சாப்பாடு, நடை, பாதுகாப்புச் சோதனை வரிசை, ரயிலுக்கான காத்திருப்பு எல்லாவற்றையும் கழித்தால் உருப்படியாகப் பார்க்க மிஞ்சுவது பத்து, பதினொரு மணி நேரம். சிகாகோவில் ‘கட்டாயம் பார்க்க வேண்டியவை’ என்று சொல்லப்படும் பட்டியல் எதை எடுத்தாலும் முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே எது நல்ல இடம் என்ற கேள்வி இங்கே பயன்படாது, எல்லாமே நல்ல இடம்தான். ஒன்றை எடுத்தால் எதை இழக்கிறோம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு படகு, ஒரு கோபுரம், ஒரு அருங்காட்சியகம். இந்த மூன்றுக்கு மட்டும் காசு கொடுங்கள். மிச்ச நேரம் எல்லாம் நடைக்கும், காசில்லாத இடங்களுக்கும். படகா கோபுரமா, ஒன்றுதான் முடியும் என்றால் படகு.

படகு: எது, எப்போது, எந்தப் படித்துறை

உலகின் முதல் வானளாவி என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885இல் எழுந்தது இந்த ஊரில்தான். அது 1931இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1871 பெருந்தீக்குப் பிறகு இந்த நகரம் உயரமாகக் கட்டக் கற்றுக்கொண்ட வரலாறு முழுக்க ஆற்றின் இரு கரையிலும் நிற்கிறது. தெருவில் நின்று அண்ணாந்தால் எதிர்க்கட்டடம் மறைக்கும். கோபுர உச்சியிலிருந்து பார்த்தால் கூரைகள்தான் தெரியும். கட்டடத்தின் முகத்தை அடியிலிருந்து நுனி வரை பார்க்கத் தேவையான தூரத்தை ஆறு மட்டும்தான் கொடுக்கிறது. படகை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் முக்கியமான தேர்வுகள் மூன்று. சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் 90 நிமிடச் சுற்றில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். ஆளுக்கு 50 டாலரைத் தாண்டும். கட்டடக்கலையில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் இந்த விலை தகும். 1935 முதல் ஓடும் வெண்டெல்லாவும், ஷோர்லைனும் பெரும்பாலும் இதைவிடச் சில டாலர் குறைவு. அவற்றில் விளக்கம் கொஞ்சம் மேலோட்டம், நகைச்சுவை கொஞ்சம் கூடுதல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நல்லதாகவும் இருக்கலாம். ஆறு மட்டும் போகும் சுற்று ஒன்று, ஆறும் மிச்சிகன் ஏரியும் சேர்ந்த சுற்று இன்னொன்று என்று வெண்டெல்லாவில் இரண்டு உண்டு. இரண்டாவதில் படகு நீர்ப்பூட்டு வழியாக ஏரிக்குள் போகும். 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். அழுக்கு நீர் குடிநீர் ஏரியில் கலக்கக் கூடாதென்று செய்த வேலை அது. அதனால் ஆறும் ஏரியும் ஒரே மட்டத்தில் இல்லை, சில அடி வித்தியாசம் உண்டு. இரு பக்கக் கதவையும் மூடி நீர்மட்டத்தைச் சரிசெய்வதைப் படகிலிருந்தே பார்க்கலாம். பொறியியல் பித்து உள்ளவர்களுக்கு ஏரிச் சுற்று. மற்றவர்கள் ஆற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏரிக்குள் போகும் நேரம் அளவுக்குக் கட்டடங்கள் குறைந்துவிடும், அலையும் இருக்கும்.

படகை அதிகம் பேர் தவறவிடுவது படித்துறையைத் தவறாகப் பிடித்ததால். மிச்சிகன் அவென்யூப் பாலத்தைச் சுற்றியே பல நிறுவனங்களின் படித்துறைகள் இருக்கின்றன. கட்டடக்கலை மையத்தின் படகு தென்கிழக்கு மூலையில். வெண்டெல்லா வடமேற்கே, ரிக்லி கட்டடத்தின் அடியில். போதாதற்கு இந்தப் பகுதியில் தெருவே இரண்டு அடுக்கு. மேல் வாக்கர், கீழ் வாக்கர் என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சாலைகள் ஓடும். கீழடுக்கில் ஜிபிஎஸ் குழம்பிவிடும். ஊபர் ஓட்டுநர் உங்களைச் சரியான முகவரியில், தவறான அடுக்கில் இறக்கிவிடுவார். பாலத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடப்பது மேல்.

இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலிடம். படகு கிளம்ப அரை மணி நேரம் முன்னால் வரிசையில் நின்றால் மேல்தளத்தின் ஓரம் கிடைக்கும். கோடையில் நண்பகல் படகைத் தவிர்க்கவும். மேல்தளத்தில் நிழல் கிடையாது, உச்சி வெயிலில் கட்டட முகங்களும் தட்டையாகத் தெரியும். மாலை நான்கு, ஐந்து மணிச் சாய்வெயிலில் கண்ணாடிச் சுவர்கள் ஒன்றின் உருவத்தை ஒன்று வாங்கி நிற்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. தூறலுக்குப் படகை நிறுத்த மாட்டார்கள், பணமும் திரும்பாது. நெருக்கமான தளத்தில் குடை பக்கத்திலிருப்பவர் கண்ணைக் குத்தும், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

படகுக்குச் செலவழிக்க விருப்பமில்லையா? பிரவுன் லைன் ரயிலில் மெர்சன்டைஸ் மார்ட் நிலையத்தில் ஏறி, தெற்கே ஆற்றைக் கடந்து, நகர மையத்தை ஒரு வட்டம் அடித்து அங்கேயே வந்து இறங்குங்கள். இரண்டாம் மாடி உயரத்தில், சன்னலோரம், இருபது நிமிடம். ஒரு டிக்கெட் காசில் முடியும். இந்த வட்டத்துக்குத்தான் ‘லூப்’ என்று பெயர், அதுவே நகர மையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. படகுக்கு மாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிப் பயன் நிச்சயம்.

ஒரு எச்சரிக்கை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சில சனிக்கிழமை காலைகளில் பாய்மரப் படகுகள் ஆற்றின் வழியாக ஏரிக்குப் போகும், வரும். அப்போது பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்குவார்கள். ஒவ்வொரு பாலத்திலும் பத்து நிமிடம் வரை போக்குவரத்து நிற்கும். அந்த நேரம் பார்த்து அக்கரையில் படகுக்கு டிக்கெட் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். சும்மா நிற்பவருக்கோ இலவச வேடிக்கை.

இரண்டு கோபுரங்களில் ஒன்று

வில்லிஸ் டவரின் 103ஆம் மாடியில் இருக்கும் ஸ்கைடெக், முன்பு ஜான் ஹேன்காக் சென்டர் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தின் 94ஆம் மாடியில் இருக்கும் 360 சிகாகோ. இரண்டுக்கும் டிக்கெட் ஆளுக்கு 30 டாலரில் தொடங்கி, நாளையும் நேரத்தையும் பொறுத்து மேலே போகும். இரண்டின் கட்டமைப்புக்கும் மூளையாக இருந்தவர் ஒருவரே, டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஹேன்காக்கில் வெளிச்சுவரில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தெரியும் எஃகுச் சட்டங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல, காற்றைத் தாங்குபவை. வில்லிஸ், ஒன்பது குழாய்களைக் கட்டிவைத்த கட்டு. மேலே போகப் போகக் குழாய்கள் சில சிலவாக நின்றுவிடும். வெளியிலிருந்து படிப்படியாகத் தெரிவது அதனால்தான்.

உயரத்தை வைத்து முடிவு செய்கிறவர்கள் வில்லிஸுக்குப் போகிறார்கள். 1,450 அடிக் கட்டடம், பார்வைத்தளம் 1,353 அடியில். 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் பட்டத்தைப் பறிக்கும்வரை உலகின் மிக உயரமான கட்டடம். வானம் தெளிந்திருந்தால் நான்கு மாநிலங்கள் தெரியும் என்பார்கள். 2009இல் சுவருக்கு வெளியே நாலடிக்குச் சற்று அதிகமாக நீட்டிவைத்த கண்ணாடிப் பெட்டிகள்தான் பெரிய ஈர்ப்பு. காலுக்குக் கீழே தெரு ஓடும். ஆனால் இங்கே வரிசை ஒன்றல்ல, இரண்டு. கீழே சோதனைக்கும் மின்தூக்கிக்கும் ஒன்று, மேலே கண்ணாடிப் பெட்டிக்கு இன்னொன்று. கோடைச் சனிக்கிழமை மதியத்தில் இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். பெட்டிக்குள் நிற்கக் கிடைப்பதோ ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை.

360 சிகாகோவில் உயரம் சுமார் ஆயிரம் அடிதான். ஆனால் ஏரி காலடியில் இருக்கிறது. ஓக் தெரு மணற்கரையின் வளைவு, ஏரியை ஒட்டி ஓடும் லேக் ஷோர் டிரைவ், தெற்கே திரும்பினால் நகர மையத்தின் முழு வரிசை, அதில் வில்லிஸும். வில்லிஸ் மேலிருந்து பார்த்தால் அந்த வரிசையில் மிக முக்கியமான கட்டடம் இருக்காது, அதன் மேல்தானே நிற்கிறீர்கள்! ஏரியும் அங்கிருந்து ஒரு மைல் தள்ளி. கண்ணாடிப் பெட்டிக்குப் பதில் இங்கே ‘டில்ட்’ என்று ஒன்று உண்டு. எட்டுப் பேரை நிறுத்தி, கண்ணாடிச் சுவரோடு சேர்த்து வெளிப்பக்கம் 30 பாகை சாய்ப்பார்கள். தனிக் கட்டணம். தவிர்த்தால் நஷ்டமில்லை.

கண்ணாடிப் பெட்டியில் நின்று படம் எடுத்தே ஆகவேண்டும் என்று வீட்டில் யாராவது பிடிவாதமாக இருந்தால் ஸ்கைடெக். அப்படியானால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, திறக்கும்போதே கதவில் நில்லுங்கள். வாசல் ஜாக்சன் தெருப் பக்கம். மற்ற எல்லோருக்கும் 360தான் நல்ல காட்சி, நேரமும் மிச்சம். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஏறினால் பகல், அந்தி, விளக்கொளி மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். ஏரி கிழக்கே இருப்பதால் சூரியன் மறைவது நகரத்துக்குப் பின்னால், சமவெளியில். தண்ணீரில் சூரியன் இறங்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். வாசல் மிச்சிகன் அவென்யூவிலிருந்து படி இறங்கிக் கீழ்த்தளத்தில். தரைத்தளத்தில் தேடிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருபவர்கள் ஏராளம்.

இதே கட்டடத்தின் 95, 96ஆம் மாடிகளில் உணவகமும் மதுக்கூடமும் இருந்தன. ஒரு கோப்பை வாங்கினால் காட்சி இலவசம் என்ற யோசனை இன்னும் பல பழைய பயணக் குறிப்புகளில் உலவுகிறது. அது 2023இலேயே மூடப்பட்டுவிட்டது, நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு இடங்களுக்கும் பொதுவான ஆபத்து மேகம். ஏரியிலிருந்து வரும் தாழ்ந்த மேகம் உச்சியை மூடிவிட்டால் மேலே தெரிவது வெள்ளைச் சுவர்தான். டிக்கெட்டைப் பல நாள் முன்னதாக வாங்கிவிட்டால் பணம் திரும்பாது. படகுக்கு முன்பதிவு அவசியம், கோபுரத்துக்கு அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியில் வாங்குவது போதும். அந்தி நேரச் சீட்டு மட்டும் கோடை வார இறுதிகளில் தீர்ந்துபோகக்கூடும், அதற்கு முந்தைய நாள் இரவு வானிலை பார்த்து முடிவெடுங்கள்.

அருங்காட்சியகம்: ஒன்றே ஒன்று

ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஃபீல்ட் மியூசியம், ஷெட் அக்வேரியம், அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகம் ஆகிய நான்குமே தரத்தில் குறை சொல்ல முடியாதவை. தூரம் வேறு வேறு.

தூரத்தில் இருப்பதை முதலில் கழித்துவிடலாம். 2024இல் கிரிஃபின் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்ட அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகம் நகர மையத்திலிருந்து தெற்கே ஏழு மைல். 1944இல் கடலில் பிடிபட்ட யு-505 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலை முழுசாக அங்கே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறிப் பார்க்கத் தனி டிக்கெட். போகவர ஒன்றரை மணி நேரம், உள்ளே நான்கு மணி நேரம் என்றால் பாதி நாள் போயிற்று. பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்தால் மட்டும் அந்தப் பாதி நாளைக் கொடுக்கலாம்.

ஃபீல்டும் ஷெட்டும் ஏரிக்கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஃபீல்டில் சூ என்ற டைரனோசரஸ் எலும்புக்கூடு. 1990இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுத்து, 1997இல் 83 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. ஷெட்டில் பெலூகா திமிங்கிலங்கள். அங்கே நுழையும் நேரத்தை முன்பே பதிவு செய்யாமல் வார இறுதியில் போவது வீண். ரூஸ்வெல்ட் ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து, இருபது நிமிட நடை, அல்லது 146ஆம் எண் பேருந்து. ஃபீல்டுக்கு அடுத்த கட்டடம் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம். செப்டம்பர் முதல் ஜனவரி தொடக்கம் வரை சில ஞாயிறுகளில் அங்கே பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் நடக்கும். அன்று சாலை நெரிசல், வாகன நிறுத்தக் கட்டணம் பல மடங்கு. ஆட்ட அட்டவணையைப் பார்க்காமல் இலையுதிர்கால ஞாயிற்றுக்கு ஃபீல்டைத் திட்டமிட வேண்டாம்.

உள்ளே போகாவிட்டாலும், அங்கிருந்து இன்னும் பத்து நிமிடம் கிழக்கே நடந்து ஆட்லர் கோளரங்கத்தின் முன்னால் திரும்பி நில்லுங்கள். தண்ணீருக்கு அப்பால் மொத்த நகரமும் ஒரே வரிசையில் நிற்கும். சிகாகோவின் மிக நல்ல படம் இங்கேதான் கிடைக்கும், அதற்குக் காசு கிடையாது. காலை வெயில் கட்டடங்களின் முகத்தில் விழும், ஆகவே காலையில்.

பெரியவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்பதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். மில்லேனியம் பார்க்குக்கு அடுத்த வாசல், எந்த ரயிலிலும் ஐந்து நிமிட நடை. வெளி மாநிலப் பெரியவர்களுக்கு 30 டாலருக்குச் சற்று மேல். செவ்வாய், புதன் விடுமுறை. வார இறுதியில் காலை 11க்குத் திறந்து மாலை 5க்கு மூடுகிறது. பலருடைய திட்டம் உடைவது இந்த 11 மணியில்தான். ஒன்பதுக்கே போய் சிங்கச் சிலைகளோடு இரண்டு மணி நேரம் நிற்பார்கள். பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், காப்பறையில் வைக்க வேண்டும். மிச்சிகன் அவென்யூ வாசலில் கூட்டமாக இருந்தால் மன்ரோ தெருவில் ரென்சோ பியானோ வடிவமைத்த 2009ஆம் ஆண்டுப் புதுப் பகுதியின் வாசலுக்குப் போங்கள்.

இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். முதலில் பெரிய படிக்கட்டில் ஏறி இரண்டாம் தளத்தில் சூராவின் ‘கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’. புள்ளி புள்ளியாக வரைந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, அருகே போய், மறுபடி பின்வாங்கிப் பாருங்கள். பிறகு அமெரிக்க ஓவியப் பகுதியில் கிராண்ட் வுட்டின் ‘அமெரிக்கன் காதிக்’, ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’. அங்கிருந்து ஷகாலின் நீலக் கண்ணாடிச் சன்னல்கள்.

அவற்றுக்குப் போகிற வழியிலேயே, ரயில் தண்டவாளங்களுக்கு மேல் பாலம்போல் கட்டிய கூடத்தில் இந்திய, தென்கிழக்கு ஆசியச் சிற்பங்கள் இருக்கின்றன. ஓவியங்களை நோக்கி விரைகிறவர்கள் இதை நடைபாதையாகத்தான் கடந்துபோகிறார்கள். தமிழ் படிக்கிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த, தியானத்தில் அமர்ந்த பெரிய கருங்கல் புத்தர் இந்தத் தொகுப்பில் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் சோழர் ஆட்சியில் செதுக்கியது. கடல் கடந்து வந்தவர்களுக்கு விகாரைகள் இருந்த ஊரின் புத்தர். சோழர் கால நடராசர் வெண்கலச் சிலையும் இத்தொகுப்பில் உண்டு.

இந்தக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் பேசினார். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியின் தூண்டுதலும் அந்தப் பயணத்துக்குப் பின்னால் உண்டு. பேரவைக்காகப் போட்ட தற்காலிக மண்டபங்கள் இன்று இல்லை. வெளியே மிச்சிகன் அவென்யூவில் அவர் பெயரைத் தாங்கிய கௌரவத் தெருப்பலகையைப் பார்க்கலாம்.

பாஸ் வாங்கினால் லாபமா

கணக்கு எளிது. ஐந்து இடங்களுக்குச் சேர்த்து விற்கும் சிட்டிபாஸில் ஷெட்டும் ஸ்கைடெக்கும் கட்டாயம், மூன்று உங்கள் விருப்பம். ஐந்தையும் தனித்தனியாக வாங்கினால் ஏறக்குறைய 180 டாலர், பாஸ் 140, 150 அளவில் முடியும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்து இடங்களுக்கும் உள்ளே மட்டும் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், இடையில் போகவர மூன்று மணி நேரம். நம்மிடம் இருப்பது பத்து, பதினொன்று. அதோடு நாம் 360ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பாஸோ ஸ்கைடெக்கைக் கையில் திணிக்கிறது. கட்டடக்கலை மையத்தின் படகும் அதில் வராது. பாஸின் செல்லுபடிக் காலம் ஒன்பது நாள் என்பதே அது யாருக்காகத் தைத்த சட்டை என்று சொல்லிவிடுகிறது. ஒரு வாரம் தங்குகிற குடும்பத்துக்கு நல்ல பேரம். வார இறுதிக்கு வருகிறவர் மூன்று டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் ஆளுக்கு 120 டாலர் அளவில் முடித்துவிடலாம். பாஸ் வாங்கியவர் காசு வீணாகக் கூடாதே என்று மழையிலும் ஓடிக்கொண்டிருப்பார்.

எங்கே தங்குவது, எதில் போவது

லூப் பகுதி ரயிலுக்கு வசதி, ஆனால் அலுவலகப் பகுதி. வார இறுதி மாலையில் பல கடைகள் மூடிக் கிடக்கும். ஆற்றுக்கு வடக்கே ரிவர் நார்த்தில் அறை வாடகை கூடுதல், ஆனால் படகும் 360ம் உணவகங்களும் நடக்கும் தூரத்தில். இரண்டு பேர் என்றால் ரிவர் நார்த். மலிவு என்று ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய ரோஸ்மான்டில் அறை எடுப்பவர்கள் ஒவ்வொரு நாளும் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள். நடுவில் அறைக்குப் போய்க் கால் நீட்டவும் முடியாது, சிறு குழந்தை இருந்தால் அதுதான் பெரிய இழப்பு. எந்த விலையைப் பார்த்தாலும் அதற்கு மேல் 17 சதவீதத்துக்கும் அதிகமான விடுதி வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்பதிவுத் தளத்தின் முதல் பக்கத்தில் அது தெரிவதில்லை.

ஓஹேரிலிருந்து ப்ளூ லைன் ரயில், லூப்புக்கு 45 நிமிடம், இரவு முழுக்க ஓடும். விமான நிலையத்தில் ஏறும்போது மட்டும் கட்டணம் 5 டாலர், திரும்பும்போது சாதாரணக் கட்டணம். இன்னொரு விமான நிலையமான மிட்வேயிலிருந்து ஆரஞ்சு லைன் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு கிடையாது. நான்கு பேர், பெட்டிகள் என்றால் டாக்சியையும் யோசிக்கலாம். வெள்ளி மாலை நெரிசலில் அது ரயிலைவிடத் தாமதமாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ரயில் வாசலில் வங்கி அட்டையையே தொட்டுப் போகலாம். இந்திய வங்கி அட்டையோடு வருகிறவர்கள் வெளிநாட்டுப் பயன்பாடு, தொடுகைக் கட்டணம் இரண்டையும் கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வரும். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை ஏறி இறங்குவதாக இருந்தால் ஒரு நாள் பாஸ் மலிவு, அதில் ஓஹேர் பயணமும் அடங்கும்.

பக்கத்து மாநிலத்திலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஒரே யோசனைதான்: காரை ஒருமுறை நிறுத்தினால் ஊர் திரும்பும்வரை எடுக்காதீர்கள். மையப் பகுதி விடுதிகளில் இரவுக்கு 60 டாலருக்கு மேல் கேட்பது சகஜம். ஸ்பாட்ஹீரோ செயலியில் முன்பதிவு செய்தால் பாதியில் முடியலாம். அதில் ‘வெளியே போய் மறுபடி வரலாம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. சுங்கச் சாலைகளில் பணம் வாங்க ஆள் கிடையாது. வண்டி எண்ணை வைத்து 14 நாளுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், வாடகைக் காரென்றால் நிறுவனம் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும்.

எந்த மாதம், எந்தச் சாப்பாடு

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தும். டிசம்பர் முதல் மார்ச் வரை படகுகள் பெரும்பாலும் கரையேறிவிடும், அப்போது படகின் இடத்தில் இரண்டாவது அருங்காட்சியகத்தை வையுங்கள். ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் லோலாபலூசா இசைவிழா நடக்கும் வார இறுதியில் கிரான்ட் பார்க் வேலிக்குள் போய்விடும், அறை வாடகை எகிறும். விழாவுக்காக வராதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

டீப் டிஷ் பீட்சா வேக அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். உட்கார்ந்த பிறகு சொல்லாமல், வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் அந்த நேரம் மிச்சம். மெல்லிய பீட்சாவில் நாலு துண்டு சாப்பிடுகிறவருக்கு இதில் இரண்டே போதும், பெரிய அளவு வாங்கி விழிக்க வேண்டாம். கீரை போட்டது சைவர்களுக்கு ஏற்றது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: இந்த ஊரின் பெருமையான ஹாட் டாக், இட்டாலியன் பீஃப் இரண்டுமே மாட்டிறைச்சிதான். தோசைக்காக, இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ போகலாமா என்றால், ரெட் லைனில் லயோலா வரை போய் 155ஆம் எண் பேருந்தைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு நாள் பயணத்தில் அது ஒரு அருங்காட்சியகத்தின் விலை. புறநகரில் இருக்கும் லெமான்ட், அரோரா இந்துக் கோயில்களும் கார் இல்லாமல் சரிப்படாது.

அடுக்கும் விதம்

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மில்லேனியம் பார்க். அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’, எல்லோரும் பீன் என்று கூப்பிடும் 110 டன் எஃகு விதை, காலையில்தான் தலைகள் குறைவாகத் தெரியும். எதிரே சிகாகோ கலாசார மையத்தில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், நுழைவு இலவசம். 1897இல் பொது நூலகமாகக் கட்டியது. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்து உள்ளே போங்கள். 11க்கு ஆர்ட் இன்ஸ்டிடியூட், இரண்டுக்கு வெளியே. சாப்பிட்டுவிட்டு ஆற்றோர நடைபாதை, நாலரை மணிப் படகு. இரவு, ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியர் துறைமேடை. கோடைச் சனிக்கிழமை இரவுகளில் வாணவேடிக்கை உண்டு. பியருக்குள் போகாமல் ஏரிக்கரையில் நின்றே பார்க்கலாம்.

ஞாயிறு காலை ஆட்லர் முன்னால் அந்தப் படம், அங்கிருந்து பக்கிங்காம் நீரூற்று. பிறகு மிச்சிகன் அவென்யூவில் வடக்கே நடை. வழியில் ட்ரிப்யூன் டவரின் அடிச்சுவரில் உலகின் புகழ்பெற்ற கட்டடங்களிலிருந்து வந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள், தாஜ் மஹாலின் கல்லையும் தேடிப் பார்க்கலாம். கோபுரத்தைச் சனி அந்தியில் வைக்க முடிந்தால் படகை மூன்று மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு பகல் 12க்கு முன்னால் ஏறிவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் ஞாயிறு மதியத்தை லிங்கன் பார்க் விலங்குக் காட்சியகத்துக்குக் கொடுக்கலாம், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், நுழைவு இலவசம்.

அறையைக் காலி செய்யும்போது பெட்டிகளை விடுதி வரவேற்பிலேயே விட்டுவிடுங்கள். ஸ்கைடெக்கிலும் அருங்காட்சியகங்களிலும் பயணப் பெட்டிக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை இரவே, நகர ரயில்களை நடத்தும் சிடிஏவின் இணையதளத்தில் ப்ளூ லைன் அறிவிப்பைப் பார்த்துவைக்கவும். தண்டவாளப் பராமரிப்பை வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள். நடுவில் இறக்கிப் பேருந்தில் ஏற்றினால் ஓஹேர் போக 45 நிமிடம் என்பது ஒன்றேகால் மணி நேரமாகிவிடும். அந்த ஞாயிற்றில் விடுதியிலிருந்து நான்கு மணிக்கல்ல, மூன்றரைக்கே கிளம்ப வேண்டும்.